திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம்

திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் வனவிலங்குச் சரணாலயம், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் விருதுநகர், மதுரை மாவட்டங்களுக்குள் அமைந்துள்ள காட்டுப்பகுதியாகும். அழியும் நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த சாம்பல் நிற மலை அணிலைக் காப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1988 டிசம்பரில் இதைச் சரணாலயமாக அறிவித்தது. இதன் பரப்பளவு சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் இது அருகிலுள்ள மேகமலைச் சரணாலயத்துடன் இணைக்கப்பட்டு, திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் என்ற பெயரைப் பெற்றது.

இந்தியாவில் புலிக்கும், யானைக்கும், காண்டாமிருகத்துக்கும், பறவைகளுக்கும் சரணாலயங்கள் பல உள்ளன. ஓர் அணிலின் பெயரில் இவ்வளவு பெரிய மலைக்காடு ஒதுக்கப்பட்டிருப்பது அரிது. ஓர் அணிலுக்கு எதற்கு இத்தனை சதுர கிலோமீட்டர் என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அந்த அணில் எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் விடை தானே கிடைக்கும்.

அமைவிடம்

மதுரையிலிருந்து திருமங்கலம், டி. கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகத் தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் சென்றால் திருவில்லிபுத்தூர் வரும். ஆண்டாள் கோயில் கோபுரமும் பால்கோவாவும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. வழி நெடுகக் கரிசல் மண், பருத்தி, மக்காச்சோளம், சீமைக்கருவேலம் என்று வறண்ட நிலமாகவே இருக்கும். ஆனால் மேற்கே பார்த்தால் நீலநிறச் சுவர் போல மலைத்தொடர் கூடவே வரும். அந்தச் சுவரின் இந்தப் பக்கச் சரிவுதான் சரணாலயம்.

தென்மேற்கில் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகமும், வடமேற்கில் மேகமலைக் காடுகளும், தெற்கில் சிவகிரிக் காடுகளும் இதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மதுரை மாவட்டப் பகுதி, பேரையூர் வட்டத்தில் உள்ள சாப்டூர் காப்புக்காடாகும். மலையடிவாரம் கடல்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்குச் சற்று மேலே தொடங்குகிறது. உச்சிப் பகுதிகள் சுமார் 2000 மீட்டர் உயரத்தை எட்டுகின்றன. மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத இடைவெளிக்குள் முள்காடும், இலையுதிர் காடும், பசுமைமாறாக் காடும், புல்வெளியும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருப்பது இதனால்தான்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தின் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்த நிலையில் இந்தப் பக்கம் இறங்குகிறது. எனவே இச்சரிவு மழைமறைவுப் பகுதியாகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இதற்கு முதன்மையான ஆதாரம். அந்த மூன்று மாத மழையை மலை பிடித்து வைத்துக்கொண்டு, ஓடைகள் வழியாகச் சிறுகச் சிறுக விடுகிறது. வத்திராயிருப்பு அருகே உள்ள பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கும், இராசபாளையம் பகுதியின் சாஸ்தா கோயில் அணைக்கும், அருச்சுனா நதிக்கும் நீர் தருவது இந்தச் சரிவுதான். இந்த நீரெல்லாம் வைப்பாற்றில் சேரும். மலையின் மறுபக்கத்தில் உள்ள வருசநாடு, மேகமலைப் பகுதியில் வைகை பிறக்கிறது.

எந்த அணில்?

நம் வீட்டு மதில்மேல் ஓடும் அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகள் இருக்கும். இராமர் தடவிய விரல் தடம் என்று பாட்டிமார் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். மலை அணிலுக்கு அந்தக் கோடுகள் இல்லை. அளவிலும் இரண்டுக்கும் ஒப்பீடே கிடையாது. வீட்டு அணிலின் எடை சுமார் 100 கிராம். சாம்பல் நிற மலை அணில் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் இருக்கும். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை அளந்தால் முக்கால் மீட்டர் வரும், அதில் ஏறத்தாழப் பாதி வால். முதன்முறை பார்ப்பவர்கள் பூனை ஒன்று மரமேறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

உடலின் மேற்பகுதி சாம்பல் கலந்த பழுப்பு. முடிகளின் நுனி வெளுத்திருப்பதால் நரைத்தது போலத் தோன்றும். நரை அணில் என்ற பெயர் இதனால் வந்தது. என் கருத்தில், ‘சாம்பல் நிற அணில்’ என்ற அரசுப் பெயரைவிட ‘நரை அணில்’ என்பதே இவ்விலங்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. வயிறும் தொண்டையும் வெளிர்நிறம். வாலும் நரைத்த வால்தான்.

இதன் அறிவியல் பெயர் ரட்டுஃபா மேக்ரூரா. மேக்ரூரா என்றால் கிரேக்க மொழியில் நீண்ட வால் கொண்டது என்று பொருள். வேல்ஸ் நாட்டு இயற்கையியலாளர் தாமஸ் பென்னன்ட் 1769இல் இலங்கையிலிருந்து கிடைத்த அணிலைக் கொண்டு இவ்வினத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உலகில் இந்த அணில் வாழ்வது இரண்டே இடங்களில்: இலங்கையிலும் தென்னிந்தியாவிலும். தமிழ்நாட்டில் காணப்படும் கிளையினத்துக்கு இடப்பட்ட தண்டோலேனா என்ற பெயர், சிங்களத்தில் இவ்வணிலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பனியுகக் காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்து, இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் இடையே நிலம் தெரிந்தபோது, இருபுறமும் ஒரே காட்டு விலங்குகள் பரவியிருந்தன. அந்தப் பழைய உறவின் மிச்சங்களில் இதுவும் ஒன்று.

இலங்கையில் ஈரக்காடு, உலர்காடு இரண்டிலும் இது பரவலாக உள்ளது. இந்தியாவிலோ துண்டு துண்டாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சில இடங்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. திருவில்லிபுத்தூர் தவிர, தேனிக் காடுகள், பழனிமலை, சிறுமலை, ஆனைமலையின் அமராவதிப் பகுதி, கேரளத்தின் சின்னார் சரணாலயம், காவிரிக் கரைக் காடுகள் ஆகிய இடங்களில் இதைக் காணலாம். இந்தப் பட்டியலை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். மழை குறைந்த மலையடிவாரத்தில் ஆறோ ஓடையோ பாயும் இடங்களாகவே பெரும்பாலும் இருக்கும். அந்த ஓடைக்கரை மரங்களே இதன் உலகம்.

இதற்கு ஒரு பெரியப்பா முறை அணிலும் இதே சரணாலயத்தில் உண்டு. செம்பழுப்பும் கருப்புமாக, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் இந்திய மலை அணில் அது. மகாராட்டிரம் அதைத் தன் மாநில விலங்காக வைத்திருக்கிறது. அது ஈரமான மேல்மலைக் காட்டை விரும்பும். நரை அணில் கீழே, வறண்ட பகுதியின் ஓடைக்கரையில் இருக்கும்.

மரத்திலேயே பிறப்பு, மரத்திலேயே வாழ்வு

நரை அணில் தரையில் இறங்குவது மிக அரிது. உண்பது, உறங்குவது, இணைசேர்வது, குட்டி வளர்ப்பது எல்லாம் மரத்தின் மேல்தான். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குச் செல்ல வேண்டுமானால் கிளை வழியாகச் செல்லும், அல்லது தாவும். சில மீட்டர் தூரத்தை எளிதாகத் தாண்டும். வாலை நீட்டிச் சமன்செய்துகொண்டு அது தாவுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சில மீட்டர்தான் அதன் எல்லையும் கூட. நடுவில் ஒரு மரம் வெட்டப்பட்டு இடைவெளி அகன்றுவிட்டால், அந்த அணிலுக்கு வழி அடைபட்டது போலத்தான்.

கீழே இறங்கி ஓடிப்போய் அடுத்த மரத்தில் ஏறினால் என்ன என்று தோன்றலாம். மரத்தின் மேல் கருங்கழுகும் பிற வேட்டைப் பறவைகளும் வந்தால், அடர்ந்த இலைகளுக்குள் கிளையோடு கிளையாக ஒட்டிப் படுத்து மறைந்துகொள்ள அதற்குத் தெரியும். தரையில் சிறுத்தை, காட்டுப்பூனை, ஊர்நாய் ஆகியவற்றிடமிருந்து தப்ப அதற்கு வழி தெரியாது. நீண்ட வாலும், கிளையைப் பற்றும் வளைந்த நகங்களும் மரத்துக்கு ஏற்றவை. நிலத்தில் அவை பாரம்.

கூடு இலைகளாலும் சுள்ளிகளாலும் ஆன உருண்டை. தூரத்திலிருந்து பார்த்தால் காக்கைக்கூட்டை விடப் பெரியதாகத் தெரியும். உயர்ந்த மரத்தின் உச்சிப் பகுதியில், பக்கத்து மரங்களின் கிளைகள் வந்து கலக்கும் இடமாகப் பார்த்துக் கட்டும். பாம்போ பருந்தோ வந்தால் நாலா பக்கமும் ஓடுவதற்கு வழி வேண்டும் அல்லவா? ஒரே அணில் பல கூடுகளைக் கட்டி மாறி மாறிப் பயன்படுத்தும். குட்டி ஈனுவதும் கூட்டில்தான். ஓர் ஈற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு குட்டிகளே பிறக்கும். எலியைப் போல ஆறேழு குட்டி போடும் இனம் அல்ல என்பதால், இழந்த எண்ணிக்கையை ஈடுகட்ட இதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

காலையிலும் பிற்பகலிலும் சுறுசுறுப்பாக இரை தேடும். உச்சிவெயிலில் கிளைமேல் குப்புறப் படுத்து, நான்கு கால்களையும் வாலையும் தொங்கவிட்டு ஓய்வெடுக்கும். இணைசேரும் காலம் தவிரத் தனித்தே வாழும். ஆபத்தைக் கண்டால் கடகடவென்று உரத்த குரலில் கத்தும். காட்டில் நடந்து பழகியவர்கள் இந்தக் குரலைக் கேட்டுத்தான் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

1990களின் தொடக்கத்தில் ஜே. ஜோஷுவா, ஏ. ஜே. டி. ஜான்சிங் ஆகியோர் இந்தச் சரணாலயத்தின் அழகர்கோயில் பள்ளத்தாக்கில் செய்த ஆய்வு, நரை அணிலைப் பற்றி இந்தியாவில் நடந்த முக்கியமான தொடக்க ஆய்வுகளுள் ஒன்று. மதுரைக்கு வடக்கே உள்ள அழகர்கோவிலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பில் காட்டழகர் கோயில் கொண்டிருக்கும் பள்ளத்தாக்கு. ஜான்சிங் பிற்காலத்தில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் புகழ்பெற்ற அறிவியலாளராக விளங்கியவர். அதற்கு முன் சிவகாசிக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆசிரியராக இருந்தார். விடுமுறை நாட்களில் சுற்றுவட்டாரக் காடுகளை நடந்தே பார்த்தவர். 1994இல் வெளியான இவர்களது கட்டுரை, மனிதத் தலையீட்டால் அணிலின் வாழிடம் எப்படிப் பாதிக்கப்படுகிறது என்பதைப் பேசியது.

தனி அணில் ஒன்றின் நடமாட்டப் பரப்பு 2000 முதல் 3000 சதுர மீட்டர் அளவுதான் என்று ஆய்வில் தெரியவந்தது. அதாவது ஓர் ஏக்கருக்கும் குறைவு. அப்படியானால் 485 சதுர கிலோமீட்டரில் இலட்சக்கணக்கான அணில்கள் இருக்கலாமே என்று கணக்குப் போடத் தோன்றும். இந்தியா முழுவதிலும் இவற்றின் எண்ணிக்கை சில நூறு என்ற அளவிலேயே மதிப்பிடப்பட்டிருக்கிறது. காரணம், சரணாலயத்தின் பெரும்பகுதி இந்த அணிலுக்கு உகந்த இடம் அல்ல. கிளையோடு கிளை பின்னிய ஓடைக்கரைக் காடு, மொத்தப் பரப்பில் மெல்லிய நாடா போலத்தான் ஓடுகிறது.

புளியும் மாவும்

அந்த நாடாவில் இருக்கும் மரங்கள் யாவை? மா, புளி, நாவல், நீர்மருது, புங்கம், ஆல், அத்தி, இச்சி, செண்பகம். இவற்றுள் பெரும்பாலானவை நம் ஊர்க் கண்மாய்க்கரையிலும் இருப்பவைதான். ஆனால் வறண்ட மலையடிவாரத்தில் இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

பிப்ரவரி முதல் மே வரை சரிவில் உள்ள வேங்கை, தேக்கு, தான்றி, கருமருது எல்லாம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். நிழலும் இல்லை, மறைவிடமும் இல்லை. அக்காலத்தில் ஓடை நீரின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பச்சையாக நிற்பவை ஓடைக்கரை மரங்களே. அணில் அந்த மரங்களில் பழம் உண்ணும், பழம் இல்லாதபோது தளிர், பூ, விதை, மரப்பட்டை என்று எது கிடைக்கிறதோ அதைத் தின்று கோடையைத் தாண்டும்.

இவற்றில் புளியமரத்தைத் தனியே சொல்ல வேண்டும். புளி நம் நாட்டுக் காட்டுமரம் அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்திலேயே வந்து நம் சமையலோடு கலந்துவிட்டது. அதன் இலை, பூ, காய், பழம், விதை எல்லாமே நரை அணிலுக்கு உணவு. ஆண்டின் பெரும்பகுதி இலை அடர்ந்திருப்பதால் கூடு கட்டவும் ஏற்றது. கிளைகள் அகலமாகப் பரந்து பக்கத்து மரத்தைத் தொடும். இத்தனை நன்மையும் ஒரே மரத்தில். புளி மகசூல் காலத்தில் மனிதரும் அணிலும் ஒரே மரத்துக்குப் போட்டி போடுகின்றனர். கிளையை உலுக்கிப் பழம் எடுப்பதால் மரத்துக்குக் கேடில்லை. கிளையையே வெட்டிச் சாய்த்துப் பழம் எடுக்கும் பழக்கம்தான் அணிலின் பாதையை அறுக்கிறது.

அணில் தின்றது பாதி, கீழே போட்டது பாதி என்பார்கள். அப்படிக் கீழே விழும் காயையும் தளிரையும் மானும் முள்ளம்பன்றியும் பொறுக்கித் தின்னும்.

அடிவாரத் தோப்புகள்

சரணாலயத்தின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஓடைகள் மலையை விட்டு இறங்கும் இடத்தில் மண் வளமும் நீரும் அதிகம். அணிலுக்குப் பிடித்த அதே நிலம் விவசாயிக்கும் பிடித்த நிலம். செண்பகத்தோப்பு, வத்திராயிருப்பு, கான்சாபுரம், சேத்தூர் பக்கங்களில் காட்டின் விளிம்பை ஒட்டியே மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் உள்ளன. அவற்றுள் பல பட்டா நிலங்கள். சட்டப்படி சரணாலய எல்லை ஓரிடத்தில் முடிந்துவிடும். அணிலுக்கு அந்த எல்லைக்கல் தெரியாது. கிளை தொடரும் வரை அது தோப்புக்குள் வந்துபோகும், அங்கேயே கூடும் கட்டும்.

பழைய மாந்தோப்பு அணிலுக்கு ஏறத்தாழக் காடு மாதிரிதான். பெரிய மரங்கள், கலந்த கிளைகள், நிழல், பழம். ஆனால் வயதான மாமரங்களை வெட்டிவிட்டு, வரிசையாக இடைவெளி விட்டுத் தென்னை நட்டால் நிலைமை மாறிவிடும். தென்னையில் பக்கக் கிளை கிடையாது. ஓலையோடு ஓலை தொட்டாலும் கூட்டுக்கான இடமோ ஆண்டு முழுவதும் மாறி மாறிக் கிடைக்கும் உணவோ அங்கு இல்லை. விவசாயியைக் குறை சொல்லவும் முடியாது. மா ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கும், விலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தென்னை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கையில் காசு தரும். போதாக்குறைக்கு மாங்காயையும் இளநீரையும் மலை அணில் கடித்துப் போடுகிறது என்ற வருத்தமும் அவர்களுக்கு உண்டு. யானை வந்தால் தோப்பே போய்விடுகிறது என்பது வேறு கதை.

இந்த அணிலைத் துப்பாக்கியால் சுட்டு அழித்ததைவிட, அது நடக்கும் கிளைகளை அறுத்து அழித்ததே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 இதை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலிலும் இது உள்ளது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அச்சுறுத்தலை அண்மித்த இனமாக வகைப்படுத்தியிருக்கிறது. இவை எல்லாம் தேவை. ஆயினும் பட்டா நிலத்தில் நிற்கும் ஒரு மாமரத்தை வெட்டாமல் வைத்திருக்க இச்சட்டங்கள் போதா. தோப்பின் ஓடையோர வரிசையை மட்டுமாவது மரமாக விட்டுவைக்கும் விவசாயிக்கு ஏதேனும் ஈட்டுத்தொகை கிடைத்தால் அணிலுக்கு அதுவே பெரிய உதவி.

மரக்கிளை அறுந்த இடத்தில் செயற்கைப் பாலம் கட்டும் முயற்சிகளும் வேறு இடங்களில் நடந்துள்ளன. வால்பாறையில் சாலையைக் கடக்கும்போது சோலைமந்திகள் அடிபட்டு இறந்ததால், சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டப்பட்டன. மந்திகள் அவற்றைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டன. சாலை போன்ற குறுகிய இடைவெளிக்கு இது சரியான வழி. அரைக் கிலோமீட்டர் வெற்றுநிலத்துக்குப் பாலம் கட்ட முடியாது. அங்கே மரம்தான் நட வேண்டும்.

மலை ஏற ஏற மாறும் காடு

அடிவாரத்தில் முதலில் எதிர்ப்படுவது முள்காடு. வெள்வேல், உசிலை, வெப்பாலை, கள்ளி ஆகியவை இங்குள்ளன. உசிலையின் இலையை உலர்த்தி இடித்தால் கிடைக்கும் அரப்புத்தூள், சீயக்காய்க்கு மாற்றாகத் தலைக்குத் தேய்க்கப்பட்டு வந்தது. உசிலம்பட்டி என்ற ஊர்ப்பெயரில் இம்மரம் இருக்கிறது. இந்த முள்காட்டில் புள்ளிமான், காட்டுமுயல், மயில், கீரி, கௌதாரி ஆகியவை வாழ்கின்றன. இரவில் தேவாங்கு உசிலை மரங்களில் பூச்சி தேடும். (தேவாங்குக்கென்றே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றித் தனிக் கட்டுரை வேண்டும்.)

அடுத்து இலையுதிர் காடு. வேங்கை, தேக்கு, கடுக்காய், தான்றி, நெல்லி, சந்தனம், மூங்கில் ஆகியவை இங்கு உண்டு. கடுக்காய், நெல்லி, தான்றி மூன்றும் சேர்ந்ததே திரிபலா. கடமான், கேளையாடு, சருகுமான், காட்டுப்பன்றி, கரடி, செந்நாய், சிறுத்தை ஆகியவற்றுக்கு இதுவே முதன்மையான வாழிடம். சருகுமான் முயலைவிடச் சற்றே பெரியது. கொம்பில்லாதது. சருகுக்குள் அசையாமல் நின்றால் காலடியில் இருந்தாலும் கண்ணுக்குப் புலப்படாது.

மேலே செல்லச் செல்லக் காடு இருண்டு ஈரமாகும். பசுமைமாறாக் காட்டின் உயர்ந்த மரங்களில் சோலைமந்தியும் கருமந்தியும் வாழ்கின்றன. சோலைமந்தி, பிடரிமயிர் சூழ்ந்த முகமும் குஞ்சம் வைத்த வாலும் கொண்ட குரங்கு. இந்த இரு குரங்குகளும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இருவாட்சிப் பறவை பறந்தால், அதன் சிறகோசை காட்டின் மௌனத்தில் நீராவி ரயில் கிளம்புவது போலக் கேட்கும். பறக்கும் அணிலும் இங்கே உண்டு. உண்மையில் அது பறப்பதில்லை, கால்களுக்கு இடையே உள்ள தோலை விரித்துச் சறுக்கி இறங்குகிறது.

உச்சியில் புல்வெளியும் பாறைச் சரிவும் உள்ளன. அங்குதான் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு வாழ்கிறது. செங்குத்தான பாறையில் அது நிற்பதைப் பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றும். யானைகளும் காட்டுமாடுகளும் பெரியாறு பக்கத்திலிருந்து இந்தப் பக்கமும், இங்கிருந்து அந்தப் பக்கமும் மலைமுகட்டைத் தாண்டிச் சென்று வருகின்றன.

ஒட்டியுள்ள மேகமலையில் கிடைத்த ஒரு வௌவாலின் கதையையும் சொல்ல வேண்டும். 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். சாதாரண வகை என்று பெயரெழுதி வைத்துவிட்டார்கள். 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை மீண்டும் எடுத்துப் பார்த்து, இது தனி இனம் மட்டுமன்று, தனிப் பேரினம் என்று கண்டுபிடித்தார். பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகள் ஓர் அலமாரியில் கிடந்த அரிய விலங்கு அது.

காட்டுக்குள் மனிதர்கள்

பளியர் பழங்குடியினர் இந்த மலையில் நெடுங்காலமாக வாழ்ந்து வருபவர்கள். செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, அய்யனார் கோயில் பகுதிகளில் இவர்களின் குடியிருப்புகள் உள்ளன. தேன், நன்னாரி வேர், கிழங்குகள், கடுக்காய் ஆகியவற்றைச் சேகரித்துப் பிழைத்தவர்கள் இன்று பெரும்பாலும் தோப்புகளில் கூலி வேலை செய்கிறார்கள். காட்டில் எந்த மரத்தில் எந்தக் கூடு இருக்கிறது என்பது இவர்களுக்கு மனப்பாடம். வேட்டைத்தடுப்புக் காவலர்களாக இவர்களில் சிலரை வனத்துறை அமர்த்தியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வன மகசூல் மீது இவர்களுக்கு உரிமை அளிக்கிறது.

வெளியிலிருந்து வரும் கூட்டம் வேறு வகை. சரணாலயத்துக்குள் இருக்கும் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று பல்லாயிரம் பேர் தாணிப்பாறை வழியாக மலையேறுகிறார்கள். 2015 மே மாதம் திடீர்க் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். அதன்பின் பல ஆண்டுகள் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் போன்ற குறிப்பிட்ட நாட்களில் மட்டும் அனுமதி அளிக்கும் முறை நடைமுறையில் இருந்தது. மலையேறுபவர் பக்தியோடு செல்வதில் குறையொன்றும் இல்லை. நெகிழிப் பையும் தண்ணீர்ப் புட்டியும் மலையிலேயே தங்கிவிடுவதும், கோடையில் அணைக்காமல் விட்ட அடுப்பும் பீடியும் காட்டைக் கொளுத்துவதும்தான் குறை. தீ புல்வெளியில் பற்றி ஓடைவரை இறங்கினால், வயதான மரம் கூட அடியில் வெந்து சில ஆண்டுகளில் சாயும். அந்த ஒரு மரம் சாய்ந்த இடம் அணிலின் பாதையில் ஓர் ஓட்டை.

புலிகள் காப்பகம்

2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் இந்தியாவின் 51ஆவது, தமிழ்நாட்டின் 5ஆவது புலிகள் காப்பகமாகும். இதன் மொத்தப் பரப்பு 1016.57 சதுர கிலோமீட்டர். முதுமலை, ஆனைமலை, களக்காடு–முண்டந்துறை, சத்தியமங்கலம் ஆகியவை ஏற்கெனவே இருந்த நான்கு. பெரியாறு காப்பகத்தோடு தொடர்ச்சியாக இருப்பதால் புலிகள் இங்கு வந்துபோவதும் தங்குவதும் இயல்பாகவே நடந்துவந்தது.

இந்த அறிவிப்பால் மதுரைக்கு என்ன? வைகையின் நீர்ப்பிடிப்புக் காடு இதற்குள் வருகிறது. 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீரும், 1959 முதல் இயங்கும் வைகை அணையும் மதுரைச் சமவெளியின் வயலையும் குடிநீரையும் தாங்குகின்றன. ஆனால் வைகைக்குத் தன் சொந்த மலையிலிருந்து வரும் நீர் வருசநாட்டுக் காடு அழிந்த அளவுக்குக் குறைந்துகொண்டே வந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது என்பதை மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மேகமலை, வருசநாட்டுச் சரிவுகளில் காடு மீண்டும் மூடினால், மழைநீர் ஒரே நாளில் ஓடிவிடாமல் மண்ணில் இறங்கி மாதக்கணக்கில் கசிந்து வரும்.

புலியின் பெயர் வந்தால் நிதியும் காவலும் கூடுவது உண்மை. ஆனால் புலிக்கான மேலாண்மை மான், காட்டுமாடு, பெரிய பரப்பு என்றே சிந்திக்கும். அடிவாரத்தில் இருபது புளியமரங்களின் தொடர்ச்சியைப் பற்றி அது தானாகக் கவலைப்படாது. காப்பகத்தின் திட்டத்தில் ஓடைக்கரைக் காட்டுக்கும் வெளிவட்டத் தோப்புகளுக்கும் தனி இடம் கொடுத்தால்தான் 1988இல் எதற்காகத் தொடங்கினார்களோ அது நிறைவேறும்.

பார்க்கச் செல்வோருக்கு

திருவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள செண்பகத்தோப்பு, நரை அணிலைக் காண ஏற்ற இடம். வனத்துறை அனுமதி பெற்றே உள்ளே செல்ல வேண்டும். காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையிலான நேரம் நல்லது. பேசாமல் ஓடைக்கரையில் நின்று, புளிய, மா மரங்களின் உச்சியில் காய்ந்த இலை உருண்டைகளைத் தேடுங்கள். கூட்டைக் கண்டுபிடித்துவிட்டால் அணில் பெரும்பாலும் பத்து மரங்களுக்குள்தான் இருக்கும். பிஸ்கட், வேர்க்கடலை எதையும் போடக் கூடாது. தீனிக்காகத் தரையில் இறங்கப் பழகிய மலை அணில், நாயிடம் அகப்பட அதிக நாள் ஆகாது. மரக்கிளை அசைந்தும் அணில் தெரியாவிட்டால், அடிமரத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் அது மரத்தைச் சுற்றி மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும், வால் மட்டும் இந்தப் பக்கம் தொங்கும்.